வாகனக் கோளாறுக் குறியீடுகள்: புதுக்கோட்டை மாவட்டம்

எஞ்சின், பிரேக், மின்சுற்று ஆகியவற்றில் தோன்றும் பிழையை வண்டியின் கணினி தானாகவே உணர்ந்து நினைவில் பதிக்கும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட அடையாளமே வாகனக் கோளாறுக் குறியீடு. டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் எஞ்சின் விளக்கு அதன் வெளி அறிகுறி. பட்டறைகளில் இதை ‘எரர் கோடு’ என்பார்கள். அதைப் படிப்பது ‘ஸ்கேன் போடுவது’.

1912இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியபோது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அன்று தொட்டு நூற்றாண்டின் இறுதி வரை கோளாறு கண்டவை மெக்கானிக்கின் காதும் மூக்கும் கையும்தான். கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதி, நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அந்த அறிவு இன்றும் பயன்படுகிறது.

குறியீடு பிறந்தது அமெரிக்காவில். 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் கணினியைப் பரவலாகப் பொருத்தியது. வண்டியிலுள்ள சோதனை இணைப்பியின் இரு முனைகளை ஒரு கம்பியால் சேர்த்தால் விளக்கு விட்டுவிட்டு எரியும். அதை எண்ணிக் கோளாறை அறிந்தார்கள். புகைமூட்டத்தால் தவித்த கலிஃபோர்னியா, 1988 மாடல் கார்களிலிருந்து இந்தத் தற்சோதனையைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் நிறுவனத்துக்கு ஒரு குறியீடு, ஒரு இணைப்பி என்றே இருந்தது. 1996இல் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் 16 ஊசி இணைப்பியும் பொதுக் குறியீடுகளும் வந்தன. சிறு பட்டறைகளுக்கு உண்மையான விடுதலை அதுதான்.

தமிழகச் சாலைகளில் கணினி எஞ்சினைப் பழக்கப்படுத்தியதில் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியான சான்ட்ரோவுக்குப் பெரும் பங்குண்டு. தற்சோதனைக்கான சட்டம் பின்னால்தான் வந்தது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரல் 1இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2020இல் வந்த பாரத் ஸ்டேஜ் 6, டீசல் வண்டிகளின் புகைக்குழாயிலும் சென்சார்களைச் சேர்த்தது. ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடும் வண்டியில் புகைவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடேறாமல் கரி அடைத்துக்கொள்ளும். இன்றைய டீசல் வண்டிக்காரர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது.

குறியீட்டின் முதல் எழுத்து பகுதியைச் சொல்லும். ‘பி’ என்றால் எஞ்சினும் கியரும், ‘யு’ என்றால் கணினிகளுக்கு இடையிலான தொடர்பு. பி0301 என்பது முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. அனுபவசாலி அந்தச் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்ப்பார். குறியீடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். எரிபொருளைவிடக் காற்று மிகுதி என்று சொல்லும் பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது வீண் செலவு. பெரும்பாலும் எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று உறிஞ்சிக்கொண்டிருக்கும். சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு உப்பே பகை. பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் கனெக்டர்களைப் பச்சை பூக்க வைக்கும். வயல் ஓரம் நிற்கும் வண்டியில் எலி ஒயரைக் கடிக்கும். இரண்டிலுமே ஸ்கேனர் சென்சாரின் பெயரைச் சொல்லும். மல்டிமீட்டர்தான் ஒயரைக் காட்டிக்கொடுக்கும்.

பேட்டரியைக் கழற்றிக் குறியீட்டை அழிப்பது தீங்கான பழக்கம். பிழை நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம், எஞ்சின் சுழற்சி ஆகியவையும் உடன் அழிந்துபோகும். பழுதை நீக்கிவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பிழை திரும்பாதபோது விளக்கு தானே அணையும். எஞ்சின் சூடேறும் 40 சுற்றுகளுக்குப் பிறகு குறியீடும் மறையும்.

2025 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களிலும் இந்தக் கண்காணிப்பின் அடுத்த கட்டம் கட்டாயமாகியுள்ளது. வண்டியைப் பட்டறையில் விடுவோர், அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.