‘சுரம்’ என்னும் பத்தி: 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சாவும் திருத்தணி வட்டார இறப்புப் பதிவும்

1918ஆம் ஆண்டு இன்புளுவென்சாவைத் திருத்தணி வட்டாரத்தில் தேடும் ஆய்வாளர் சித்தூர் மாவட்ட ஆவணங்களையே நாட வேண்டும். இவ்வூர் சென்னை மாநிலத்தில் இணைந்தது 1960இல்தான். ஆவணம் கிடைப்பினும் நோயின் பெயர் கிடைப்பது அரிது. சென்னை மாகாணச் சிற்றூர்களில் இறப்பைப் பதிந்தவர் மருத்துவர் அல்லர், கிராம முன்சீப். மூச்சுத்திணறி இறந்தவரும் மலேரியாவால் இறந்தவரும் பெரும்பாலும் ‘சுரம்’ என்னும் ஒரே பத்தியில் சேர்ந்தனர். அவரைக் குறைகூறுவது முறையன்று. அன்றைய மருத்துவர் பலரும் பைஃபர் 1892இல் அறிவித்த பாக்டீரியத்தையே காரணியெனக் கருதினர். மனித இன்புளுவென்சா வைரசு பிரித்தெடுக்கப்பட்டது 1933இல். எனவே அவ்வாண்டின் இறுதி மாதச் சுர இறப்புகளை முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு, மிகையைக் கணக்கிட வேண்டியுள்ளது. மழைக்கால மலேரியா இக்கணக்கைக் குழப்பும். அங்கே வயதுக் குறிப்பு துணைசெய்கிறது: மலேரியா பெரிதும் குழந்தைகளைக் கொன்றது, 1918ஆம் ஆண்டின் நோயோ இருபது முதல் நாற்பது வயதினரை மிகுதியாகக் கொண்டுசென்றது.