கண்மாயில் ஒரு வெடி

மலிவான துப்பாக்கி எது என்பது சந்தைக் கேள்வியாகத் தோன்றலாம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்க்கரையில் நின்று கேட்டால் அது வரலாற்றுக் கேள்வி.

கவிநாடு கண்மாய் போன்ற நீர்நிலைகள் மழைக்குப்பின் நிறைந்தால் சிறகியும் நாமக்கோழியும் வந்து இறங்கும். அவற்றைக் குறிபார்த்த துப்பாக்கிகள் இரண்டு வகை. ஒன்று, வசதியானவர்களின் 12 போர் இரட்டைக்குழல். மடித்துத் திறந்து, ஆலையில் செய்த தோட்டாவைச் செருகினால் அடுத்தடுத்து இரண்டு வெடி. மற்றது, நரிக்குறவர் தோளில் கிடந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழல்வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய்நார் திணித்து, கம்பியால் இடித்து, ரவை போட்டு, மறுபடி அடைத்து, கேப்பு வைத்துச் சுடவேண்டும். அடுத்த வெடிக்கு மருந்து கெட்டிப்பதற்குள் பறவைக்கூட்டம் அடுத்த கண்மாய்க்குப் போய்விடும்.

கனவான் வேட்டைக்கு ஓர் அறம் உண்டு: உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடக்கூடாது, பறக்கவிட்டுத்தான் சுடவேண்டும். ஆங்கிலேய வேட்டை மரபு கற்றுக்கொடுத்த இந்த அறத்தைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம். குறி தப்பினால் இன்னொரு தோட்டா உண்டு, ராத்திரிச் சோறும் உண்டு என்பவருக்கே அது கட்டுப்படியாகும். அறம் என்று சொல்லப்பட்டது துப்பாக்கியின் விலைதான்.

என் பள்ளி நாட்களில் எங்கள் ஊருக்கு வந்துபோன ஒரு நரிக்குறவப் பெரியவரிடம், "அந்தக் காலத்துல பறக்குறப்ப சுட மாட்டீங்களா தாத்தா?" என்று கேட்டிருக்கிறேன். "ஒரே வெடி சாமி. ரெண்டு மூணு சேந்து ஒக்காரட்டும்னு இருப்போம்" என்றார். பொடியனை அவர் சாமி என்றதில் யாருக்கும் உறுத்தலில்லை. நான் அவரைத் தாத்தா என்றதுதான் எங்கள் வீட்டில் பிடிக்கவில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்கு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அதன்பின் வந்த 1959 ஆயுதச் சட்டம், போதிய சொத்தில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக்கூடாது என்றது. நல்ல வரிதான். ஆனால் அதே பிரதி வழவழப்பான குழல்கொண்ட, 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் என்று வகுத்தது. வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கு என்றது. நிலமில்லாதவனுக்கு ஏது பயிர்? வயிற்றுக்காகச் சுடுகிறவன் இந்த வகைப்பாட்டில் எங்கே நிற்பான்?

1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமத்தோடு சிறுவேட்டையை அனுமதித்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. அதன்பின் தீங்குயிர்ப் பட்டியலில் எஞ்சிய பறவை காக்கை ஒன்றே. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலும் போயிற்று. பறவைகளின் பொருட்டு இதை வரவேற்கிறேன். ஆனால் கதவு இருவருக்கும் ஒரேமாதிரி மூடவில்லை. கனவானுக்கு ஒரு பொழுதுபோக்கு போயிற்று; நரிக்குறவருக்குச் சோறு போயிற்று. 1909இல் தர்ஸ்டன் குருவிக்காரரைப் பறவை பிடிப்போர், இரப்போர் என்று பதிந்தார். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற 2023 சனவரி வரை ஆயிற்று.

கண்மாய் வரலாறு என்றால் மடை, கலிங்கு, கல்வெட்டு என்றே எழுதிவருகிறோம். ஆயுத வழக்குக் கோப்புகளுக்கு வெளியே, கருவிகளின் வரலாற்றில் அந்த ஒற்றைக்குழலுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.