ஸ்டீபன்ஸ், ஜான் லாய்ட் (1805–1852)

அமெரிக்க வழக்கறிஞர், பயண நூலாசிரியர். மாயா நாகரிகத்தின் காடு மூடிய நகரங்களை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியவர்.

நியூ ஜெர்சியின் ஷ்ரூஸ்பரியில் வணிகர் குடும்பத்தில் பிறந்தார். 13 வயதில் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்து 1822இல் பட்டம் பெற்றார். லிட்ச்ஃபீல்டு சட்டப் பள்ளியில் படித்துவிட்டு நியூயார்க்கில் வக்கீலானார். ஆனால் மனம் ஆண்ட்ரூ ஜாக்சனின் கட்சி மேடைகளில்தான் இருந்தது. பேசிப் பேசித் தொண்டை புண்ணாக, ஐரோப்பாவுக்குப் போய் ஓய்வெடுக்கும்படி மருத்துவர் சொன்னார். 1834இல் கப்பலேறியவர் ரஷ்யா, போலந்து, எகிப்து என்று அலைந்தார். கெய்ரோ வணிகர் வேடத்தில் பெட்ராவரை போய்விட்டு 1836இல்தான் ஊர் திரும்பினார். மறு ஆண்டு வந்த பயண நூல் நன்றாக விற்றது. எட்கர் ஆலன் போ அதற்கு மதிப்புரை எழுதினார். வக்கீல் தொழில் அத்தோடு பின்னுக்குப் போயிற்று. வக்கீல் புத்தி போகவில்லை.

1839இல் குடியரசுத் தலைவர் வான் பியூரன் அவரை நடு அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பினார். அங்கே கூட்டாட்சி உள்நாட்டுப் போரில் உடைந்துகொண்டிருந்தது. நியமனப் பத்திரத்தைக் கொடுக்க ஓர் அரசாங்கம் தேடி அலைந்த தூதர் அவர். அதற்கிடையே, உடன் வந்த ஆங்கிலேய ஓவியர் ஃபிரெடரிக் கேதர்வுட்டுடன் ஹோண்டுராசின் கொப்பான் இடிபாடுகளை அடைந்தார்.

நிலத்துக்குச் சொந்தக்காரர்போல் உரிமை கொண்டாடிய தோன் ஹோசே மரியாவுக்கு, இந்த வெளியூர்க்காரரை நம்புவதா வேண்டாமா என்ற குழப்பம். ஸ்டீபன்ஸ் பெட்டியைத் திறந்து, கழுகு முத்திரைப் பொத்தான்கள் பளபளக்கும் தூதர் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையில் மழையில் ஊறிய பனாமா தொப்பி. முழங்கால்வரை சேறு அப்பிய கால்சட்டை. அந்தக் கோலத்திலேயே பேரம் படிந்தது. நகரம் முழுவதும் 50 டாலர். சிலைகளை ஆற்றுவழியே நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் எண்ணமும் அவருக்கு இருந்தது. நல்லவேளை, ஆற்றின் பாய்ச்சல் இடம் கொடுக்கவில்லை.

கேதர்வுட் சேற்றில் நின்று, கொசுவுக்குப் பயந்து கையுறை அணிந்து, கேமரா லூசிடா என்ற கண்ணாடிக் கருவியின் துணையோடு சிலைகளை வரைந்தார். இருவரும் பின்னர் மெக்சிகோவின் பலேங்கே, யுகடானின் ஊஷ்மால் ஆகிய இடங்களுக்கும் சென்றனர். பலேங்கேயையும் வாங்க ஸ்டீபன்சுக்கு ஆசை. உள்ளூர்ப் பெண்ணை மணந்த அந்நியரே நிலம் வாங்கலாம் என்ற மெக்சிகோ சட்டம் குறுக்கே நின்றது. கடைசிவரை திருமணமே செய்துகொள்ளாத அவர் அதைக் கேலியாக எழுதிவைத்தார்.

1841இல் வெளிவந்த இரண்டு தொகுதிப் பயண நூலின் முக்கியத்துவம் அதன் முடிவில் இருக்கிறது. இந்நகரங்களைக் கட்டியவர்கள் எகிப்தியர், ஃபினீசியர், இஸ்ரேலின் தொலைந்த குலத்தார் என்றெல்லாம் அன்று பேசினார்கள். எகிப்தை நேரில் பார்த்திருந்த ஸ்டீபன்ஸ் சாட்சியங்களை எடைபோட்டு அவற்றைத் தள்ளினார்: கட்டியவர்கள் அங்கேயே வாழும் மக்களின் முன்னோர். கொப்பானிலும் பலேங்கேயிலும் ஒரே எழுத்து இருப்பதையும், அதில் வரலாறு எழுதப்பட்டிருக்கும் என்பதையும் கணித்தார். அந்தக் கணிப்பு சரியென 20ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் காட்டினர்.

1841–42இல் யுகடானுக்கு மறுபடியும் சென்று 44 இடங்களைப் பார்த்தார். அந்நூல் 1843இல் வந்தது. அங்கிருந்து கொண்டுவந்த செதுக்குமர உத்தரங்கள், கேதர்வுட்டின் நியூயார்க் காட்சிக்கூடம் 1842இல் தீப்பற்றியபோது சாம்பலாயின. காட்டில் பல நூற்றாண்டு தாங்கிய மரம் அது.

பிற்காலம் வணிகத்தில் கழிந்தது. நீராவிக் கப்பல் நிறுவனம் ஒன்றில் பங்கேற்றார். பனாமா ரயில் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, பிறகு அதன் தலைவரானார். ஒப்பந்தம் பேச பொகொட்டாவுக்குப் போகும் வழியில் கோவேறு கழுதையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. பனாமாவின் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, 1852 அக்டோபரில் நியூயார்க்கில் 46 வயதில் இறந்தார். 1854இல் கேதர்வுட் கப்பல் விபத்தில் மாண்டார். அடுத்த ஜனவரியில் இரு பெருங்கடல்களுக்கும் இடையே ரயில் ஓடியது.