எதில எடிட் பண்ணுறது?

எங்கட பட்ச்சில ஒருத்தி போன மாதம் யாரோ பாவிச்ச டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றை வாங்கினாள். அடுத்த நாளே என்னட்டக் கேட்டாள்: "போட்டோஷொப் போடவா, வேற ஏதும் இருக்கா?" எல்லாரும் போடுறதையே போடு எண்டு சொல்லிட்டு வந்திட்டன். பிறகு தேடி வாசிச்சபோதுதான் அது எவ்வளவு சோம்பேறித்தனமான பதில் எண்டு விளங்கினது.

1987இல் தோமஸ் நோல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட மாணவர். அவரிடமிருந்த மக்கின்டொஷ் பிளஸ் கணினியின் திரையில் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், இடையிலுள்ள சாம்பல் நிறங்கள் தெரியாது. அந்தக் குறையைச் சமாளிக்க ஒரு சிறிய புரோகிராம் எழுதினார். சினிமாவுக்கு விசேட காட்சிகள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை செய்த தம்பி ஜோன் அதைக் கண்டு, இதை முழு மென்பொருளாக்கு என்று விடாமல் நின்றார். ஆய்வேடு பின்னுக்குப் போனது. முதலில் ஒரு ஸ்கேனரோடு சேர்த்து ஏறக்குறைய 200 பிரதிகள் போயின. பிறகு அடொபி நிறுவனம் உரிமம் பெற்று, 1990 பெப்ரவரியில் போட்டோஷொப் என்று வெளியிட்டது. லேயர் வந்தது 1994இல். பல படி பின்னுக்குப் போகும் வசதி 1998 வரை இல்லை, அதுவரை ஒரேயொரு படிதான். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கன்ட்ரோல் இசட் அமத்துற எங்களுக்கு அதை நினைச்சுப் பார்க்கவே ஏலாது.

1995இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்போல், பீற்றர் மற்றிஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு பாடத்துக்கான வேலையாகத் தொடங்கியது கிம்ப். அடுத்த வருடமே அதைப் பொதுவில் விட்டார்கள். மூல நிரலை ஆரும் பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுக்கலாம். இரண்டு மென்பொருளும் பெடியள் படிப்புக்கு நடுவில் செய்தவைதான். ஆனால் ஒன்றின் திறப்பு நிறுவனத்தின் கையில் போனது, மற்றது எல்லாரிடமும் வந்தது.

இது எங்களுக்கு எங்க வந்து இடிக்குது? 2013இல் அடொபி, இனிப் போட்டோஷொப்பின் புதிய பதிப்புகள் சந்தாவுக்குத்தான் என்று அறிவித்தது. புகைப்படக்காரருக்கான திட்டம் 2022இல் மாதம் 9.99 டொலராக இருந்தது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது ஏறக்குறைய 2000 ரூபா. சில மாதத்தில் டொலர் 360ஐத் தொட, அதே திட்டம் 3600 ரூபா. அப்ப மகாபொல 5000 ரூபா. கணக்கை நீங்களே பாருங்கோ. களவுக் கொப்பி இருக்குத்தானே எண்டு கேப்பீங்கள். இருக்கு. நானும் பாவிச்சனான். வைரஸோட சேர்ந்து வந்ததையும் அனுபவிச்சனான்.

காசு மட்டுமில்லை. 2014இல் அப்பிள் தனது அப்பேச்சரை நிறுத்துவதாக அறிவித்தது. 2016இல் கூகிள் பிக்காசாவை நிறுத்தியது. இப்படியான மென்பொருள்கள் மூலப் படத்தைத் தொடாமல், நீங்கள் செய்த மாற்றங்களைத் தனியாக எழுதி வைக்கும். நல்ல முறைதான். ஆனால் மென்பொருள் போனால் அந்தக் குறிப்பை வாசிக்க மற்ற மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. படம் மிஞ்சும், அதில் நீங்கள் செய்த வேலை போய்விடும்.

அதனால தொடங்குற ஆளுக்கு நான் இப்ப சொல்லுறது டார்க்டேபிள். 2009இல் தொடங்கின இலவச மென்பொருள், 2017 கடைசியில விண்டோஸுக்கும் வந்திட்டுது. ரோ கோப்பைத் திறக்கும், மாற்றங்களைப் படத்துக்குப் பக்கத்திலேயே சின்னக் கோப்பாக வைக்கும். முதல் கிழமை தலை சுத்தும், அதையும் சொல்லத்தான் வேணும். வெட்டி ஒட்டுற வேலைக்குக் கிம்ப். கலியாண வீட்டுப் படம் எடுத்து உழைக்கப் போறீங்களெண்டால் கதை வேற. அங்க போட்டோஷொப் தெரியாமல் காலம் தள்ளுறது கஷ்டம், அப்ப சந்தாக் காசை வருமானத்தில கழிக்கலாம்.

அவள் டார்க்டேபிளைப் போட்டிட்டாள். ரண்டு நாளா அதில ஒரு கோயில் தேர்ப் படத்தோட மல்லுக்கட்டுறாள். வானம் இன்னும் ஊதா நிறத்திலதான் நிக்குது.