அளவுகோல் யார் கையில்?

கோல் நீண்டால் நிலம் சுருங்கும். கோல் குறுகினால் நிலம் பெருகும். மாயமன்று தோழர்களே, கணக்கு!

சோழர் காலக் கல்வெட்டுகள் பன்னிரு சாண் கோலையும் பதினாறு சாண் கோலையும் பேசுகின்றன. கோயிற் சுவர்களிலேயே அளவுகோல்களை வெட்டி வைத்தனர். கோலின் சதுரமே குழி. பதினாறு சாண் கோலால் 900 குழியான வயல், பன்னிரு சாண் கோலால் 1,600 குழியாகும். நீளத்தில் விகிதம் 4க்கு 3. பரப்பிலோ 16க்கு 9! குழிக்கு இவ்வளவு என்ற வரி மாறாமல் கோல் மட்டும் குறுகினால் என்னாகும்? ஒரு பிடி மண்ணும் கூடாமலே உழவன் சுமை முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும்.

பிரான்சு நாட்டு மக்கள் இத்தகைய சூதை உணர்ந்தனர். ஊருக்கோர் அளவு, பிரபுவுக்கோர் அளவு என்ற நிலை ஒழிய வேண்டுமென 1789-இல் முறையிட்டனர். 1795-இல் மீட்டர் சட்டமாயிற்று. மன்னன் உடலை அளந்ததன்று. மண்ணுலகை அளந்து கண்டது! இந்தியாவில் 1956-இல் சட்டம் வந்தது.

இன்றும் பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர். 1 ஹெக்டேர் ஏறத்தாழ 247 சென்ட் என்றறியாத வீட்டில், பிறர் சொன்னதே கணக்கு. வாய்பாட்டை மனப்பாடம் செய்வித்தால் போதுமா? மாணவரோடு வயலில் இறங்குவோம். நம் நிலத்தை நாமே அளப்போம்!