காவிரி டெல்டா வீடுகளில் கார்பன் மோனாக்சைடு

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் சுவையும் இல்லாத நச்சுவாயு. விறகு, கரி, உமி, மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு என எந்த எரிபொருளும் போதிய காற்று கிடைக்காமல் எரியும்போது இது உண்டாகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரி டெல்டாவில் விறகடுப்பு, தூபக்கால், உமி மூட்டம், உலோகப் பட்டறை, மழைக்கால ஜெனரேட்டர் ஆகியவை வீட்டிலும் வீட்டை ஒட்டியும் இவ்வாயு சேரக் காரணமாகின்றன. இப்பகுதியில் பொதுவாகப் புகையைத்தான் கெடுதல் என்று நினைக்கிறார்கள். புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், ஆள் எழுந்து வெளியே போய்விடுவார். புகை அடங்கியபின் எஞ்சும் தணல் அப்படி எச்சரிப்பதில்லை. இந்த வாயுவைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியது தணலையே.

தணலும் உமியும்

விறகு சுடர்விட்டு எரியும்போதும் ஓரளவு கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. விறகு கரியாகித் தணலானபின் அதன் அளவு கூடுகிறது. தணலின் அடிப்பகுதியில் உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, மேலே சிவந்திருக்கும் கரியின் ஊடாக ஏறும்போது அந்தக் கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுவதே இதற்குக் காரணம். குமுட்டி அடுப்பில் கரி நன்றாகப் பிடித்தபின் உற்றுப் பார்த்தால், அதன்மேல் மெல்லிய நீலச் சுடர் இங்குமங்கும் தாவுவது தெரியும். கரியிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடு காற்றுப் பட்டு எரிவதால் வரும் சுடர் அது. அது ஆடிக்கொண்டிருக்கும்வரை வாயுவில் ஒரு பகுதியாவது எரிந்து தீர்கிறது. மேலே சாம்பல் பூத்ததும் சுடர் அடங்கிவிடும், வாயு வருவது அடங்காது. புகை நின்று, சுடர் நின்று, இதமான சூடு மட்டும் இருக்கும் இந்த வேளையில்தான் தணற்சட்டியை அறைக்குள் எடுத்து வருவது வழக்கம்.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அரிசி ஆலைகள் நிறைந்த டெல்டாவில் அது மலிவான எரிபொருள். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால், எரிந்துமுடிந்த உமியும் உருக்குலையாமல் மேலே போர்வையாக நின்றுவிடுகிறது. உள்ளே காற்று நுழைவது குறைந்து, குவியல் இரவு முழுவதும் கனன்றுகொண்டே இருக்கும். மாட்டுக் கொட்டகையில் கொசுவை விரட்ட உமியோடு ஈர வைக்கோலும் வேப்பிலையும் நொச்சித் தழையும் போட்டு மூட்டம் வைப்பார்கள். கொட்டகை நாலுபுறமும் திறந்திருந்தால் பெரிய தீங்கில்லை. மழைச்சாரலுக்காகப் படுதா இறக்கிவிட்ட கொட்டகையில் மாட்டுக்குக் காவலாக யாரும் படுத்திருந்தால் நிலைமை வேறு.

கார்பன் மோனாக்சைடின் எடை காற்றின் எடையை ஒட்டியது, சற்றே குறைவு. எனவே அது தரையில் தங்குவதும் இல்லை, கூரைக்கு ஏறிப் போய்விடுவதும் இல்லை. அறைக் காற்றில் சீராகக் கலந்துவிடும். கட்டிலில் படுத்தவருக்கும் பாயில் படுத்தவருக்கும் ஆபத்து ஒன்றே.

உடலில் நிகழ்வது

நுரையீரல் வழியே இரத்தத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜனைவிட இவ்வாயுவின் மீதுள்ள ஈர்ப்பு 200 மடங்குக்கும் மேல். இப்படி உண்டாகும் கார்பாக்சிஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. மீதமுள்ள ஹீமோகுளோபினும் தான் சுமக்கும் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் அடிபடுபவை மூளையும் இதயமும். பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இவ்வாயு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிப்பதை விளக்கினார்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் அசதி, நெஞ்சு படபடப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். அடுத்து மனக்குழப்பம் வரும், கால் தள்ளாடும், நினைவு தப்பும். கதவு நான்கடி தூரத்தில் இருந்தும் எழுந்து திறக்க முடியாமல் போவது இதனால்தான். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகள் ஒன்றுமே தெரியாது. காற்றில் பத்து லட்சத்தில் 1,600 பங்கு இருந்தால் சுமார் 20 நிமிடங்களில் தலைவலி தொடங்கி, ஓரிரு மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். 12,800 பங்கு என்றால் ஒன்று முதல் மூன்று நிமிடம் போதும். நாள் முழுவதற்குமான சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இது ஏறத்தாழ பத்து லட்சத்தில் 3.5 பங்குக்குச் சமம்.

கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் தாயினுடையதைவிட இவ்வாயுவை வலுவாகப் பற்றுகிறது, மெதுவாகவே விடுகிறது. தாய் தேறி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் குழந்தைக்கு ஆபத்து நீங்கியதாகக் கொள்ள முடியாது.

அடுப்பங்கரை

பழைய தஞ்சாவூர் வீடுகளின் நடுமுற்றம் வானத்துக்குத் திறந்தது. அடுப்பங்கரைப் புகை ஓட்டு இடுக்கு வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் வெளியேறிவிடும். கீற்றுக் கூரையும் காற்று ஊடாடுவதுதான். இவை மறைந்து, தாழ்ந்த கூரையும் ஒற்றைச் சன்னலும் கொண்ட கான்கிரீட் வீடுகள் வந்தபோது பல இடங்களில் விறகடுப்பும் கூடவே உள்ளே வந்துவிட்டது. வீடு மாறியபோது புகைபோக்கியையும் சேர்த்துக் கட்டாதது பெரிய குறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தென்னை மட்டையும் பாளையும் கருவேல விறகும் நனைந்துகிடக்கும். அவற்றை வெளித்திண்ணையில் எரிக்க முடியாமல், சாரலுக்குச் சன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே எரிக்கும் மாதங்களே ஆண்டில் மோசமானவை. ஈர விறகு சரியாகப் பிடிக்காமல் கனன்று எரிவதால் நச்சுவாயுவும் கூடுகிறது.

தமிழ்நாடு அரசு 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டு உஜ்வலா திட்டமும் சிற்றூர்களின் அடுப்பங்கரையை வெகுவாக மாற்றின. ஆனாலும் சிலிண்டரைத் தேநீருக்கும் அவசரச் சமையலுக்கும் வைத்துக்கொண்டு, சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் விறகையே நம்பும் வீடுகள் இன்னும் உள்ளன. சிலிண்டரை மறுபடி வாங்கும் செலவுதான் இதற்கு முதற்காரணம்.

விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறுவது உடல்நலத்துக்கு என்ன செய்கிறது என்பதை அளந்த உலக அளவிலான ஆய்வுகளில் ஒன்று டெல்டாவிலும் நடந்தது. ஹாப்பின் எனப்படும் அந்த ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில், நாட்டுக்கு 800 பேர் வீதம் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் மேற்கொள்ளப்பட்டது. இந்தியக் களங்கள் நாகப்பட்டினமும் கள்ளக்குறிச்சியும். அவற்றுக்குப் பொறுப்பேற்றது சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கு இலவச எரிவாயுவும் தரப்பட்டன. அளவுக் கருவிகளைப் பெண்கள் உடலிலேயே அணிந்துகொண்டு ஒரு முழுநாள் வீட்டு வேலைகளைச் செய்தார்கள். புகையின் நுண்துகள்களோடு கார்பன் மோனாக்சைடும் அளக்கப்பட்டது. விறகு போன்ற எரிபொருளையே தொடர்ந்தவர்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, எரிவாயு பெற்றவர்களுக்கு அது சுமார் 24 ஆகவே இருந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வாளர்கள் எதிர்பார்த்த முடிவு இதுவன்று. இதை வைத்து விறகுப் புகை தீங்கற்றது என்று வாதிடுவது தவறு. பிறப்பு எடை பல காரணங்களால் தீர்மானிக்கப்படுவது. அந்த ஆய்வு மூடிய அறையில் ஒரே இரவில் நேரும் நச்சேற்றத்தைப் பற்றியதும் அல்ல.

எரிவாயு அடுப்பும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. சுடர் நீலமாக இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. பர்னர் துளைகள் அடைத்துச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் கார்பன் மோனாக்சைடு கூடிவிட்டது என்று பொருள். சிலிண்டர் கசிந்தால் வரும் நாற்றம் கசிவைக் கண்டறிவதற்காகச் சேர்க்கப்படுவது. எரிவாயு எரிந்து உண்டாகும் நச்சுவாயுவில் அந்த நாற்றம் இராது. குளியலறைக்குள் பொருத்தப்படும் கேஸ் கீசரால் இந்திய நகரங்களில் உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களின் சிறிய குளியலறைகளுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். கீசர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

தூபக்காலும் பிள்ளை பெற்ற அறையும்

குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றியபின் சாம்பிராணி காட்டுவதும், பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றி முடியைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவதும் டெல்டாவில் பரவலான வழக்கம். கொட்டாங்கச்சியை எரித்துத் தணலாக்கித் தூபக்காலில் இட்டு, அதன்மேல் சாம்பிராணியைத் தூவுவார்கள். காற்றுப் படக் கூடாது என்று கதவும் சன்னலும் சாத்தப்பட்டிருக்கும். சாம்பிராணி ஓரிரு நிமிடங்களில் தீர்ந்து புகை கலைந்துவிடும். தணல் அதன்பின்னும் நெடுநேரம் அறை மூலையில் இருக்கும், தாயும் குழந்தையும் தூங்கிவிடுவார்கள். இந்த வழக்கத்தை விடச் சொல்லத் தேவையில்லை. புகை காட்டி முடிந்ததும் தூபக்காலைக் கையோடு கொல்லைக்கு எடுத்துப் போய்விட்டு, கதவைச் சற்று நேரம் திறந்து வைத்தால் போதும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் கிராம செவிலியர்களே. பேறுகாலப் பின்கவனிப்பில் அவர்கள் சொல்லும் செய்திகளில் இதுவும் இடம்பெற வேண்டும்.

மூடிய அறையில் இதே ஆபத்து மலையூர்களிலும் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், விடுதி அறையில் எரிவாயு ஹீட்டரை ஏற்றிவைத்துத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். டெல்டாவிலிருந்து மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்குக் குளிர் பழக்கமில்லாததால் இந்த ஆபத்து கூடுதல்.

பட்டறை வீடுகள்

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செப்புத்திருமேனிகளும், நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்குகளும் செய்யப்படுகின்றன. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்திய கருவை வறட்டி அடுக்கிச் சூடேற்றுவார்கள். உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் ஊற்ற வேண்டிய உலோகம் மூசையில், கரி உலையில் உருகும். ஆழமான கரிப்படுகையின் அடியிலிருந்து காற்று ஊதும் உலை, தணலில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும் வினைக்கு ஏற்ற அமைப்பு. வார்க்கிறவர் மூசையின்மேல் குனிந்துதான் வேலை செய்கிறார். வீட்டோடு ஒட்டிய பட்டறைகளில் வார்ப்பு முடிந்த உலை இரவில் கனன்றபடி இருக்க, அடுத்த அறையில் குடும்பம் உறங்கும். உலைக்கு மேலே உயரமான புகைக்கூண்டும், பட்டறைக்கும் உறங்கும் அறைக்கும் இடையே திறப்பில்லாத சுவரும் இங்கே மிகவும் தேவை. செங்கல் காளவாய் ஓரத்தில் குளிருக்கு ஒதுங்கிப் படுக்கும் கூலியாட்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

புயலும் ஜெனரேட்டரும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. உட்கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் கைப்பேசிக்குச் சார்ஜ் போடவும் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கப்பட்டது. அதன்பின் சிறு ஜெனரேட்டரைச் சொந்தமாக வாங்கி வைத்த வீடுகளும் கடைகளும் உண்டு.

பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் வெளியிடும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். 2020 ஆகஸ்டில் லூசியானாவைத் தாக்கிய லாரா புயலில் தப்பிய பலர், அடுத்த நாள்களில் ஜெனரேட்டர் புகையால் இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு காட்டியது.

மழையில் நனையக் கூடாது, திருடு போகக் கூடாது என்று ஜெனரேட்டரைத் திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைப்பது டெல்டாவில் இயல்பாக நடக்கும். சன்னலைத் திறந்துவைப்பது மட்டும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்த்தபடி, தனித் தகரக் கூரையின்கீழ் வைக்க வேண்டும். வயலில் ஆயில் எஞ்சின் ஓடும் கொட்டகைக்குள் இரவுக் காவலுக்குப் படுப்பதும், காரில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் இதே வகை.

பிற நச்சுவாயுக்கள்

கழிவுநீர்த் தொட்டியிலும் பாழ்கிணற்றிலும் இறங்கியவர்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடோ ஆக்சிஜன் குறைவோ காரணம். நெல் மூட்டைகளில் பூச்சிக்கு வைக்கப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வெளியிடுவது பாஸ்பீன். இவை கார்பன் மோனாக்சைடிலிருந்து வேறானவை, சிகிச்சையும் வேறு.

கண்டறிதலும் சிகிச்சையும்

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் வந்து, காய்ச்சல் இல்லாமல், வெளியே போனால் குறைந்து, உள்ளே வந்தால் திரும்பினால் இவ்வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலும் வயிற்றுக்கோளாறும் ஊரெங்கும் இருப்பதால் இது எளிதில் கவனம் தப்பிவிடுகிறது. கொரோனாவுக்குப் பின் பல வீடுகளில் இருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை இங்கே நம்பக் கூடாது. அக்கருவி ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்தறியாது. மயங்கிக் கிடப்பவரின் விரலிலும் 98 என்று காட்டக்கூடும்.

பாதிக்கப்பட்டவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். மீட்கப் போகிறவர் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, மூச்சை அடக்கி விரைவாக உள்ளே சென்று திரும்ப வேண்டும். அறையில் என்ன எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம். கார்பாக்சிஹீமோகுளோபின் அளவை அறியும் இரத்தப் பரிசோதனையை உடனே செய்ய அது உதவும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்தில் இந்நச்சு பாதியாகக் குறைய நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகிறது. முகமூடி வழியே முழு ஆக்சிஜன் தரப்பட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். எனவே ஆக்சிஜனே முதல் மருந்து. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் டெல்டாவுக்குள்ளேயே உள்ளன.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இந்திய வீடுகளில் அரிது. சமையல் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி இதைக் காட்டாது என்பதால் வாங்குகிறவர் பார்த்து வாங்க வேண்டும். பட்டறையை ஒட்டிய வீட்டுக்கும் ஜெனரேட்டர் உள்ள வீட்டுக்கும் இதுவே முதற்செலவாக இருக்கத் தக்கது.

பிழைத்தவர்களில் சிலருக்கு நாள்களோ வாரங்களோ கழித்து மறதி, நடைத் தடுமாற்றம், இயல்புக்கு மாறான கோபம் அல்லது சோர்வு தோன்றலாம். நச்சேறி முழுதும் தேறிய பிறகும் மூளையில் தாமதமாக வெளிப்படும் பாதிப்பு இது. வீட்டார் இதை வயதென்றோ மனக்கவலையென்றோ விட்டுவிடாமல், முன்பு பார்த்த மருத்துவமனைக்கே அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்ல வேண்டும். குறைந்தது ஆறு வாரம்வரை இந்தக் கவனிப்பு தேவை.