கிப்சனும் கிவ்சனும்: ஒரு பழைய கிட்டாரின் வரலாறு

பழைய கிட்டார் ஒன்றை வாங்க நினைப்பவரின் கண், முதலில் அதன் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும் பெயரில்தான் விழும். கொல்கத்தாவில், சித்பூர் சாலை என்று முன்பு அழைக்கப்பட்ட ரவீந்திர சரணியில், லால்பஜாருக்கு அருகே இசைக்கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கோ நாட்டின் வேறெந்த நகரத்திலோ, ஒருவர் பயன்படுத்திக் கைமாற்றிய கிட்டார்களைத் துழாவும் மாணவரின் கையில் 'கிவ்சன்' என்ற பெயருடன் ஒன்று அகப்படக்கூடும். 'கிப்டோன்', 'ஹோப்னர்' என்ற பெயர்களும் தென்படலாம். அமெரிக்காவின் கிப்சனையும் ஜெர்மனியின் ஹாஃப்னரையும் அறிந்தவர் உடனே முகம் சுளித்துக் கருவியைக் கீழே வைத்துவிடுவார். அந்த அவசரம் தேவையற்றது. எந்தச் சூழலில் அக்கருவி பிறந்தது என்று அறிந்தபின் அதைக் கையிலெடுத்துப் பார்ப்பதே முறை.

இந்தியாவில், குறிப்பாக வங்கத்தில், கிட்டார் பரவலானது இன்று நாம் காணும் வடிவில் அன்று. மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிட்டாராகவே அது வீடுகளுக்குள் நுழைந்தது. சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த டாவ் மோ, தம் குடும்பக் குழுவுடன் உலகைச் சுற்றிவந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தை அவர் இந்தியாவில் கழித்தார்; கல்கத்தாவில் பலருக்குக் கற்பித்தார். அவரிடம் பயின்ற கார்னி நிஸ் இசைத்தட்டுகளின் வழியே புகழ்பெற்றார். அடுத்த தலைமுறையில் சுனில் கங்குலி, படுக் நந்தி, கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா ஆகியோர் ரவீந்திர சங்கீதத்தையும் நஸ்ருல் பாடல்களையும் திரைப்பாடல்களையும் இக்கருவியில் வாசித்தனர். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அறுபடாமல் வழுக்கிச் செல்லும் இயல்பு இந்திய இசைக்கு எத்துணை அணுக்கமானது என்பதை விளக்கவேண்டியதில்லை. பிரிஜ் பூஷண் காப்ரா 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் வாசித்ததும் மடியில் கிடத்திய கிட்டாரே.

இதன் தடம் மொழியிலும் பதிந்துள்ளது. விரலால் அழுத்தி வாசிக்கும் வழக்கமான கிட்டாரை இந்தியக் கடைக்காரர்கள் இன்றும் 'ஸ்பானிஷ் கிட்டார்' என்பர். ஸ்பெயினிலிருந்து வந்தது என்பது அதற்குப் பொருளன்று. 'ஹவாய் அன்று' என்பதே பொருள். பிராய்லர் வந்தபின் நம் கோழி 'நாட்டுக்கோழி' ஆனதைப்போல, வேறொன்று முன்னிற்கும்போதுதான் இத்தகைய அடைமொழி தேவைப்படுகிறது.

இனி, பெயர்களின் சிக்கலுக்கு வருவோம். 1957இல் இந்தியா கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியைச் சந்தித்தது. அதன்பின் இறக்குமதி உரிமம் எளிதில் கிடைக்காத ஒன்றாயிற்று. இயந்திரங்களுக்கும் உணவுக்கும் ஒதுக்கவே டாலர் போதாதபோது கிட்டாருக்கு யார் ஒதுக்குவார்? வெளிநாட்டுக் கருவி வேண்டியவர், கப்பலில் வேலைசெய்தவரையோ வெளிநாடு சென்று திரும்பியவரையோ நம்பியிருந்தார். அக்காலத்தில்தான் பீட்டில்ஸ் மோகமும் பரவியது. பால் மெக்கார்ட்னியின் கையிலிருந்தது ஹாஃப்னர். வேட்கை வெளியிலிருந்து வந்தது. பொருள் உள்ளூரில் செய்யப்பட்டாகவேண்டும். சிதாரும் தம்புராவும் செய்து பழகிய நகரத்துக்கு மரவேலை புதிதன்று. சந்தைக்கு வேண்டியிருந்தது செவிக்குப் பழகிய ஒரு பெயர்.

ஒலியியல் நோக்கில் 'கிவ்சன்' சுவையான சான்று. ஆங்கில எழுத்தில் 'பி' இருக்கவேண்டிய இடத்தில் 'வி' இருக்கிறது, அவ்வளவே. வங்க மொழியிலோ 'வ' என்ற ஒலி தனித்து இல்லை. விவேகானந்தர் அங்கு பிபேகானந்தர். ஆங்கிலத்தின் 'வி' ஒலியை வங்காளிகள் மூச்சொலி கலந்த 'ப'கரத்தால் எழுதுவர். ஆகவே, ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இவ்வேறுபாடு கல்கத்தாவின் நாவில் மிகவும் குறுகிவிடுகிறது. 'ஹோப்னர்' இன்னும் வேடிக்கையானது. ஹாஃப்னர், ஹோனர் என்ற இரு ஜெர்மானியப் பெயர்களுக்கும் நடுவே அது நிற்கிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனமான மார்ட்டின், 1969ஆம் ஆண்டின் இறுதியில் பிரேசில் ஈட்டி மரத்துக்கு மாற்றாக இந்திய ஈட்டியைத் தன் உயர்வகைக் கிட்டார்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோதகத்தி என்றும் வழங்கும் மரமே அது. உலகின் விலையுயர்ந்த கிட்டார்களின் முதுகுப்பலகை தென்னிந்தியாவின் மரம். அதே ஆண்டுகளில் இந்திய மாணவருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் ஒட்டுப்பலகை.

ஆனால் அந்த ஒட்டுப்பலகைக் கருவியை எள்ளி நகையாடுபவர் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குவதில்லை. அவற்றில் பலவற்றின் தந்திகள், மேற்பலகையில் ஒட்டிய குதிரையில் முடிவதில்லை; கருவியின் அடிப்புறத்தில் திருகப்பட்ட உலோகத் தகட்டில் சென்று முடிகின்றன. குதிரை, வீணையின் குதிரையைப்போலவே, ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கிறது. ஆறு எஃகுத் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ இருக்கும். ஒட்டிய குதிரையானால் அவ்விசை மேற்பலகையைப் புடைக்கச் செய்யும். மழைக்காலத்து ஈரத்தில் பசை இளகினால் குதிரையே பெயர்ந்து வந்துவிடும். தகடு அந்த இழுவிசையை அடிக்கட்டைக்கு மாற்றிவிடுகிறது. நாதம் சற்று மெலிந்தும் குட்டையாகவும் ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் இத்தனை மழைக்காலங்களைக் கடந்து அது விற்பனைக்கு வந்து நிற்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

வாங்குபவருக்கு இதிலிருந்து ஒரு பயனுண்டு. ஒட்டாத குதிரை நகரக்கூடியது. தந்தி மாற்றும்போதோ தூசு துடைக்கும்போதோ சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே மேல்நிலைச் சுரங்கள் பிசகும். 'இதில் சுருதியே சேராது' என்று உரிமையாளர் விற்றுவிடுவார். பன்னிரண்டாம் ஃப்ரெட், தந்தியின் ஒலிக்கும் நீளத்தின் சரிபாதி. அவ்விடத்தில் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாயிருக்கும்வரை குதிரையை நகர்த்தினால் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ, உடலுடன் சேரும் இடத்தில் பிளவு தெரிந்தாலோ அது வேறு கதை. அதைச் சீராக்கும் கூலி கருவியின் விலையைத் தாண்டக்கூடும்.

1991க்குப் பின் நிலைமை மாறியது. 1992இல் 'தொமாகே சாய்' இசைத்தொகுப்பின் வழியாகச் சுமன் சட்டோபாத்யாயின் குரலும் கிட்டாரும் வங்க இளைஞர்களை ஈர்த்தன. ஸ்பானிஷ் கிட்டார் வாங்கும் ஆவல் பெருகியது. 2001 ஏப்ரலில் நுகர்பொருள்கள்மீது எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. சீனத் தொழிற்சாலைக் கிட்டார்கள் வந்து குவிந்தன. அவற்றின் கழுத்து நேர், ஃப்ரெட்டுகள் சீர். தொடக்கநிலை மாணவரின் விரல்களுக்கு அவை இதமானவை என்பதை மறுப்பதற்கில்லை. பழைய கருவிகள் பரணுக்கு ஏறின. வீடு மாற்றும்போது இறங்கிக் கடைக்கு வந்தன.

பழைய உள்ளூர்க் கருவிகளின்மேல் அடிக்கடி கூறப்படும் குறை, தந்திகள் பலகையிலிருந்து மிக உயர்ந்து நின்று விரலை வருத்துகின்றன என்பது. ஹவாய் கிட்டாருக்கு அந்த உயரமே தேவை; எஃகுத் துண்டு ஃப்ரெட்டில் இடிக்கக்கூடாது. மடிக்கருவி செய்து பழகிய கைகளே பின்னர் ஸ்பானிஷ் கிட்டாரும் செய்தன என்பதால் அப்பழக்கம் ஓரளவு தொடர்ந்தது என்று கருத இடமுண்டு. கழுத்து சற்று வளைந்து, விரலுக்கு இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட கிட்டாருக்கும் எனவே ஒரு வழியுண்டு. தலைப்பக்கத்துத் தந்திமேட்டின்மேல் செருகும் சிறிய உலோக உயர்த்தி ஒன்று விற்கிறது. அதைப் பொருத்தி, தந்திகளைச் சற்று உயர்த்தி, கருவியை மடியில் கிடத்தினால், ஃப்ரெட்டுகள் வெறும் இடக்குறிகளாகிவிடும்.